பயிற்சி இல்லாதவர்களால் தேடலில் உதவ முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: நண்பரின் அண்ணன், 34 வயது, மூன்று வாரமாகக் காணவில்லை. போலீசில் புகார் பதிவாகிவிட்டது. நீங்கள் ஏழு பேர் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்குத் தேட உதவ நினைக்கிறீர்கள். யாருக்கும் பயிற்சி கிடையாது. “எங்களால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை இடைஞ்சலாகத்தான் இருப்போமா? அவருடைய அம்மா தினமும் எங்கள் முகத்தையே பார்க்கிறார், அவரிடம் என்ன சொல்வது?” என்று முடித்திருக்கிறீர்கள். மேலோட்டமாக இது தேடும் முறையைப் பற்றிய கேள்வி. உள்ளே இருக்கும் பயம் வேறு. நல்ல எண்ணத்தோடு போய் அந்த வீட்டின் வலியைக் கூட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள். அது நியாயமான பயம். அந்தப் பயம் இல்லாமல் ஓடி வந்தவர்களால்தான் நான் பார்த்த தேடல்களில் சேதம் அதிகம் நடந்திருக்கிறது.

நான் 17 வருடமாக ஒரு தன்னார்வத் தேடல் குழுவில் இருக்கிறேன். முதல் நாள் வந்தபோது எனக்கும் எதுவும் தெரியாது. பிறகு நிலத்தில் தேடும் பயிற்சி எடுத்தேன். கடைசி எட்டு வருடமாக என் வேலை பெரும்பாலும் குடும்பங்களோடு உட்காருவதுதான். நான் போலீஸ் இல்லை, தடயவியல் நிபுணர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. கீழே சொல்வதில் சில ஆய்வுகளால் உறுதியானவை, சில என் அனுபவம் மட்டுமே. எது எது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: முடியும். நீங்கள் ஏழு பேரும் செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பிக்கிறது. காட்டுக்குள் போய் நடப்பதையும் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பதிவு இல்லாமல் அவை இரண்டும் காற்றில் போகும். 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய கையோடு, ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் போர்க் கைதிகளுக்கான ஒரு முகமையைத் திறந்தது. ஐரோப்பா முழுக்க இருந்து ‘என் மகனைப் பற்றி ஏதாவது தெரியுமா’ என்று கடிதங்கள் குவிந்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள், அதிலும் பெண்கள். எழுத்தாளர் ரோமன் ரோலண்டும் அங்கே பல மாதம் உட்கார்ந்து கடிதங்களுக்குப் பதில் எழுதினார். அவர்கள் யாரும் போர்க்களத்துக்குப் போகவில்லை. நாடுகள் அனுப்பிய கைதிகள் பட்டியலில் இருந்து பெயருக்கு ஒரு அட்டை, குடும்பம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு ஒரு அட்டை. இரண்டையும் பெயர் வரிசையில் ஒன்றாக அடுக்கினார்கள். இந்த அட்டையும் அந்த அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால், ஒரு வீட்டுக்குச் செய்தி போகும். போர் முடியும்போது சுமார் 70 லட்சம் அட்டைகள், ஏறக்குறைய 20 லட்சம் கைதிகளைப் பற்றி. நூறு வருடம் தாண்டியும் அந்த அட்டைகளைப் பார்த்துத் தாத்தாவின் கதையைத் தெரிந்துகொள்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

உங்கள் நோட்டுக்கு ஒரே ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும். மூன்று பேர் மூன்று போனில் எழுதி வைத்தால் மூன்று கதைகள் உருவாகும். ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, நேரம், சொன்னவர் பெயர், அவர் நேரில் பார்த்தாரா அல்லது யாரோ சொல்லக் கேட்டாரா, இவ்வளவும் வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். “நீலச் சட்டை மாதிரி இருந்தது” என்று ஒருவர் சொன்னால் ‘நீலச் சட்டை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த ‘மாதிரி’தான் முக்கியம். போலீஸ் அதிகாரியிடம் பேசினால் அவர் பெயர், புகார் எண், அடுத்து எப்போது பேசலாம் என்றார் என்பது வரை எழுதுங்கள். விசாரணை அதிகாரி மாறுவது சாதாரணமாக நடக்கும். புதிதாக வந்தவரிடம் ஒரு குடும்பம் எல்லாவற்றையும் முதலில் இருந்து அழுதுகொண்டே சொல்வதற்கும், தேதி வாரியாக நான்கு பக்கம் எடுத்துக் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம், கிடைக்காததை எழுதுவது. எங்கே தேடினீர்கள், யார் தேடினார், எந்த வெளிச்சத்தில், எத்தனை அடி இடைவெளியில் நடந்தீர்கள், எந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாமல் விட்டீர்கள் என்பதை. என் மூன்றாவது வருடத்தில் மறதி நோய் உள்ள ஒரு பெரியவரைத் தேடினோம். வீட்டுக்குப் பின்னால் இருந்த புதர் மண்டிய இடத்தை முதல் நாள் சாயங்காலமே ‘பார்த்தாச்சு’ என்று ஒருவர் சொன்னார். அதை நம்பி ஐந்து நாள் தொலைவில் தேடினோம். ஆறாவது நாள் அந்தப் புதருக்குள்தான் அவர் உடல் இருந்தது, வீட்டில் இருந்து 300 மீட்டர்கூட இல்லை. ‘பார்த்தாச்சு’ என்றவர் பொய் சொல்லவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஓரமாக நின்று டார்ச் அடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான். எப்படிப் பார்த்தீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இது எங்கள் குழுவுக்கு மட்டும் நேர்ந்த தவறு இல்லை. 2009 ஜூன் 1 அன்று ரியோவில் இருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேரோடு அட்லாண்டிக் கடலில் விழுந்தது. விழுந்த உடனே, விமானத்தின் பதிவுப் பெட்டிகளில் இருந்து வரும் ஒலிச் சமிக்ஞைக்காகக் கப்பல்கள் கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சுற்றிக் கேட்டுப் பார்த்தன. சத்தம் வரவில்லை. அதனால் அந்தப் பகுதி கிட்டத்தட்டக் கழிக்கப்பட்டு, தேடல் வேறு பக்கம் போனது. இரண்டு வருடம் ஆகப்போகும் நிலையில் கணிதவியலாளர்கள் எல்லாப் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒலிக்கருவிகளே வேலை செய்யாமல் போயிருந்தால் என்ன என்று கணக்கைத் திரும்பப் போட்டார்கள். கடைசி இடத்துக்குப் பக்கத்திலேயே வாய்ப்பு மிக அதிகம் என்று வந்தது. 2011 ஏப்ரல் தொடக்கத்தில், தேடலை மீண்டும் தொடங்கிச் சில நாட்களிலேயே, சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் கிடைத்தன. முந்தைய தேடல்கள் எங்கே, எப்படி நடந்தன என்பது எழுதி வைக்கப்பட்டிருந்ததால்தான் அந்தக் கணக்கைத் திரும்பப் போடவே முடிந்தது.

இந்தக் கணக்கின் எளிய வடிவம் உங்களுக்கும் உதவும். ஒரு இடத்தில் ஒருமுறை நடந்து தேடும்போது, அங்கே ஆள் இருந்தால் கண்ணில் படும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், அவர் அங்கே இருந்தால் முதல் தேடலில் தவறவிடும் வாய்ப்பு 50 சதவீதம். அதே தரத்தில் இரண்டாம் முறையும் தேடினால் அது 25 ஆகக் குறையும். பூஜ்யம் ஆகாது. இரண்டாம் உலகப் போரின்போது கடலில் நீர்மூழ்கிகளைத் தேட அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் என்ற கணிதவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் உருவாக்கிய சிந்தனை இது. இன்றைக்கு மலையில் வழி தவறியவரைத் தேடுவதும் இந்த அடிப்படையில்தான். ஆகவே ‘அந்த இடம் முடிந்தது’ என்ற வார்த்தையை உங்கள் குழுவில் யாரும் சொல்ல வேண்டாம். ‘இப்படி ஒருமுறை பார்த்தோம்’ என்று சொல்லுங்கள்.

யாரைத் தேடுகிறோம் என்பதை வைத்துத் தேடும் இடம் மாறும். இதில் ஓரளவு உறுதியான தகவல் இருக்கிறது. ராபர்ட் கோஸ்டர் என்பவர் பல நாடுகளில் இருந்து 50,000-க்கும் மேற்பட்ட தேடல் சம்பவங்களைத் தொகுத்திருக்கிறார். மறதி நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கடைசியாகப் பார்த்த இடத்தில் இருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளேயே கிடைத்திருக்கிறார்கள். அவர்கள் எங்காவது சிக்கி நிற்கும்வரை நடந்துகொண்டே இருப்பார்கள், கூப்பிட்டால் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் முதலில் ஓட வேண்டியது பக்கத்தில் உள்ள நீர்நிலைக்கு. தண்ணீர் அவர்களை ஈர்க்கிறது. வீட்டை விட்டு அலைந்து போகும் அந்தக் குழந்தைகளின் மரணங்களில் நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணம். மிகச் சிறிய குழந்தை என்றால் வீட்டையே மறுபடியும் மறுபடியும் தேட வேண்டும்: கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், காரின் பின்பெட்டியில். கூப்பிடுவது காதில் விழுந்தாலும் திட்டு விழும் என்று பயந்து ஒளிந்திருக்கும், அல்லது தூங்கிப்போயிருக்கும். ஆனால் இந்தத் தொகுப்பில் பெரும்பகுதி வட அமெரிக்கா போன்ற பகுதிகளில் இருந்து வந்தது. நெருக்கமான நகரத்துக்கு அதே தூரங்கள் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் நண்பரின் அண்ணன் விஷயத்தில் இது இன்னும் குறைவாகவே உதவும். 34 வயது, உடல்நலம் உள்ளவர், மூன்று வாரம் என்றால் ஒரு பஸ்ஸோ ரயிலோ ஏறி எங்கும் போயிருக்கலாம். அங்கே சுற்றளவுக் கணக்கை விட, கடைசி ஒரு மாதத்தில் அவர் மனதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் வழி காட்டும்.

நேரத்தோடு அழிந்துபோகும் விஷயங்களை இன்றே கவனியுங்கள். கண்காணிப்புக் கேமரா பதிவுகள் பல இடங்களில் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானாக அழிந்து, மேலே புதியது பதிவாகிவிடும். மூன்று வாரம் ஆகிவிட்டதால் சில ஏற்கனவே போயிருக்கும், சில இன்றைக்கோ நாளைக்கோ போகும். அந்தப் பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. கடைக்காரரிடமோ கட்டட நிர்வாகியிடமோ “இந்தத் தேதிப் பதிவை மட்டும் அழியாமல் எடுத்து வையுங்கள், போலீஸ் கேட்கும்போது கொடுங்கள்” என்று தன்மையாகக் கேட்கலாம். யார் சரி என்றார், யார் மறுத்தார் என்று எழுதி விசாரணை அதிகாரியிடம் அன்றைக்கே கொடுங்கள். போன் அழைப்பு விவரம், வங்கிக் கணக்கு இரண்டும் முழுக்கப் போலீஸ் வேலை. தெரிந்தவர் மூலம் பின்வாசல் வழியாக எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, பிற்பாடு வழக்கையே கெடுக்கும். அவர் படுத்த தலையணை உறையோ துவைக்காத சட்டையோ இருந்தால் சுத்தமான பையில் போட்டு, யாரும் கைபடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மோப்ப நாய்க்குத் தேவைப்படலாம். பல் மருத்துவரிடம் போயிருந்தால் அந்தப் பதிவுகளையும், அவருடைய தலை சீப்பையும் டூத் பிரஷ்ஷையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், அடையாளம் உறுதிசெய்ய எதற்கும் இருக்கட்டும் என்பதற்கு மேல் அந்த நேரத்தில் சொல்லத் தேவையில்லை. புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் உங்கள் குழுவில் யாருக்காவது இருக்கும். பல நாடுகளில் அப்படி ஒரு விதியே கிடையாது. அடுத்த முறை யாருக்காவது தேவைப்பட்டால் முதல் மணி நேரத்திலேயே போகச் சொல்லுங்கள்.

இனி, பலர் பேசத் தயங்கும் ஒரு விஷயம். வயது வந்த ஒருவர் தானாகவே விலகிப் போயிருக்கலாம். அப்படிப் போக அவருக்கு உரிமை உண்டு. பல நாடுகளில் போலீஸ் ஒருவரைக் கண்டுபிடித்தால், அவர் விருப்பம் இல்லாமல் இருப்பிடத்தைக் குடும்பத்துக்குச் சொல்ல மாட்டார்கள். நலமாக இருக்கிறார் என்பதை மட்டும் சொல்வார்கள். ஓடிப் போனவர் யாருக்குப் பயந்து ஓடினாரோ, சில சமயம் அந்த ஆளே தேடி வருவார். அடிக்கிற கணவன் கண்ணீரோடு வந்து ‘என் மனைவியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்’ என்று கேட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அன்று எங்கள் குழுவில் ஒரு மூத்த அக்கா மட்டும் சந்தேகப்பட்டார். அவர் சந்தேகம் சரியாக இருந்தது. அதன் பிறகு எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது: போலீசில் புகார் பதிவாகாத தேடலை எடுக்க மாட்டோம், கண்டுபிடித்தால் முதலில் சொல்வது போலீசுக்கு, குடும்பத்துக்கு அல்ல. உங்கள் நண்பரின் குடும்பத்தைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அண்ணன் எங்கேயோ உயிரோடு இருந்து, திரும்பி வர மனமில்லாமல் இருந்தால் என்ன செய்வோம் என்று ஏழு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரை நேரில் பார்த்தால் சூழ்ந்துகொள்ளாதீர்கள், வீடியோ எடுக்காதீர்கள். ஒருவர் மட்டும் போய், “உங்களைத் தேடுகிறார்கள். வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த வரவில்லை. நீங்கள் நலமா?” என்று கேட்டால் போதும்.

சமூக ஊடகம் பற்றித் தனியாகக் கேட்கவில்லை என்றாலும், நீங்கள் அங்கேதான் முதலில் போவீர்கள் என்பதால் சொல்கிறேன். அது உதவும் என்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1968-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. முப்பது வருடம் அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. டாட் மேத்யூஸ் என்ற தொழிற்சாலைத் தொழிலாளி, வேலை முடிந்து வந்து இரவுகளில் இணையத்தில் தேடிக்கொண்டே இருந்தார். 1998-இல், காணாமல் போன அக்காவைத் தேடி ஒரு தங்கை போட்டிருந்த சிறிய அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவருடைய ஊகத்தோடு விஷயம் முடியவில்லை. முடிவைச் சொன்னது சோதனைதான். இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையத்தில் கூடிய அந்நியர்கள் மங்கலான படங்களை வைத்துக் குற்றவாளியைத் தேடினார்கள். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த ஒரு மாணவன்தான் அது என்று முடிவு கட்டினார்கள். அவனைத் தேடக் குடும்பம் வைத்திருந்த பக்கத்தில் வசை குவிந்து, அதை அவர்கள் மூட வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு அவன் உடல்தான் கிடைத்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஆகவே உங்கள் குழுவில் யாரும், எந்தக் காரணத்துக்காகவும், ஒருவர் மேல் சந்தேகத்தைப் பொதுவெளியில் எழுதக் கூடாது. சந்தேகம் என்றால் நோட்டில் எழுதி போலீசிடம் கொடுங்கள்.

போஸ்டருக்குச் சமீபத்திய, வடிகட்டி போட்டு அழகாக்காத, முகம் நேராகத் தெரியும் ஒரு படம் வேண்டும். நடக்கும் விதம், தழும்பு, கண்ணாடி போன்றவற்றைப் போடுங்கள். ஒரே ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, இடது தோளில் ஒரு மச்சம். “உங்கள் ஆளை நான் வைத்திருக்கிறேன், பணம் அனுப்புங்கள்” என்று போன் வரும். நிச்சயமாக வரும், நடு இரவில் வரும். அப்போது அந்த மச்சத்தைப் பற்றிக் கேட்கலாம். போஸ்டரில் வீட்டு எண்ணையோ அம்மாவின் எண்ணையோ போடாதீர்கள். போலீஸ் எண்ணும், குழுவில் திடமான மனம் உள்ள ஒருவர் வைத்திருக்கும் தனி எண்ணும் போதும். அந்த போனில் விழும் கொடூரமான வார்த்தைகளை அம்மா கேட்க வேண்டியதில்லை. ஆள் கிடைத்த பிறகு எல்லாப் பதிவையும் எடுத்துவிடுங்கள். அண்ணன் திரும்பி வந்து வேலை தேடும்போது அவர் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அந்தப் போஸ்டராக இருக்கக் கூடாது.

‘அவரைப் பார்த்தேன்’ என்று வரும் தகவல்கள் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். சொல்பவர்கள் ஏமாற்றுவதில்லை. அந்நியர் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வதில் மனிதர்கள் பலவீனமானவர்கள், இது உளவியலில் நன்கு உறுதியான விஷயம். போஸ்டரைப் பார்த்த பிறகு, முந்தாநாள் பார்த்த ஏதோ ஒரு முகம் அந்தப் படமாக மாறிவிடும். அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். இடமும் நேரமும் துல்லியமாக இருந்தால், அங்கே கேமரா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜோதிடம், குறி, கனவில் வந்த சேதி போன்றவை வந்தால், என் 17 வருடத்தில் அவற்றால் ஒரு தேடல்கூட முடிந்ததில்லை என்பதை மட்டும் சொல்வேன். ஆனால் அம்மா அதை நம்பினால் அவரிடம் வாதாடாதீர்கள். பணம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைகளையும் பிணவறைகளையும் பற்றி. பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்ட நோயாளிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நினைவு தப்பியவர், விபத்தில் அடிபட்டவர் என. வாரம் ஒருமுறை, போலீஸ் மூலமோ அவர்கள் அனுமதியோடோ கேட்க வேண்டும், ஒருமுறை கேட்டுவிட்டு விடக் கூடாது. உடலைப் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய நிலை வந்தால், தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லும் அடையாளம் நாம் நினைக்கும் அளவுக்கு நம்பகமானது இல்லை. பேரழிவில் இறந்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வைத்திருக்கும் முறையில் முதன்மைச் சான்று மூன்றுதான்: கைரேகை, பல், மரபணு. உடை, பச்சை குத்திய அடையாளம், மோதிரம் எல்லாம் துணைச் சான்றுகள். அதனால் ‘சட்டை அவனுடையதுதான்’ என்று யாரோ சொன்னதை வைத்து ஒரு குடும்பம் கதவை அடைத்துவிடக் கூடாது. அதேபோல ‘முகம் வேற மாதிரி இருக்கு’ என்று திரும்பி வந்துவிடவும் கூடாது. மரபணுச் சோதனை கேட்க அவர்களுக்குத் துணை நில்லுங்கள். தேடும்போது நீங்களே ஏதாவது பார்த்துவிட்டால், நில்லுங்கள். தொடாதீர்கள், வந்த வழியிலேயே திரும்பி வாருங்கள், இடத்தைக் குறித்துக்கொண்டு போலீசைக் கூப்பிடுங்கள். வீட்டுக்கு நீங்கள் சொல்லக் கூடாது.

‘யாருக்கும் பயிற்சி கிடையாது’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். உலகின் மிகத் தேர்ந்த தேடுபவர்களில் பலர் பயிற்சி இல்லாமல் ஆரம்பித்த குடும்பத்தினர்தான். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திக் கொன்று, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை வேறு வீடுகளுக்குக் கொடுத்தது. 1977-இல் பாட்டிகள் ஒன்று சேர்ந்தார்கள். ஊர் ஊராகத் துப்பு சேகரித்தார்கள். பெற்றோர் உயிரோடு இல்லாதபோது பாட்டியின் இரத்தத்தை வைத்துப் பேரனை உறுதிசெய்ய முடியுமா என்று விஞ்ஞானிகளின் கதவைத் தட்டினார்கள். மேரி-கிளேர் கிங் என்ற மரபியலாளர் அதற்கு வழி செய்தார். இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தங்கள் அடையாளத்தைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். அதே நாட்டில் 1984-இல் சில மாணவர்கள், கிளைட் ஸ்னோ என்ற அமெரிக்கத் தடய மானுடவியலாளரிடம் புதைகுழிகளை முறையாகத் தோண்டக் கற்றுக்கொண்டு தொடங்கிய குழு, பிற்பாடு உலகெங்கும் போய் வேலை செய்தது. மெக்சிகோவில் காணாமல் போனவர்களின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 2022-இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அங்கே தாய்மார்கள் இரும்புக் கம்பியை நிலத்தில் அடித்து இறக்கி, வெளியே இழுத்து, நுனியை முகர்ந்து பார்க்கிறார்கள். அப்படித்தான் புதைகுழிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. ஒரு தாய் இதைக் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை எங்குமே வந்திருக்கக் கூடாது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பாலின் பாஸ் என்ற உளவியலாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்தார். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத இழப்பு, மரணத்தைவிட வேறு வகையானது என்று அவர் காட்டினார். ஒரே மனதில் ‘வருவான்’ என்பதும் ‘வரமாட்டான்’ என்பதும் சேர்ந்தே இருக்கும். அது நோய் இல்லை, அந்த நிலைமையின் இயல்பு. அதனால் ‘மனசைத் தேத்திக்குங்க’ என்றும் சொல்லாதீர்கள், ‘கண்டிப்பா வந்துடுவான்’ என்றும் சொல்லாதீர்கள். இரண்டுமே நமக்குத் தெரியாத விஷயங்கள். அம்மா தட்டில் மகனுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைத்தால் எதுவும் சொல்ல வேண்டாம். அவனைப் பற்றிப் பேசும்போது ‘இருந்தான்’ என்று வந்துவிடாமல் ‘இருக்கிறான்’ என்றே பேசுங்கள். அவர் வேறு மாதிரிப் பேச ஆரம்பிக்கும் நாள் வந்தால், அப்போது அவர் பின்னால் போங்கள்.

என் அனுபவத்தில், குடும்பங்களுக்குச் செய்தியைவிட அதிகம் தேவைப்படுவது ஒரு குறித்த நேரம். ஒரு அம்மாவுக்கு நான் தினமும் இரவு ஒன்பது மணிக்கு போன் செய்வேன் என்று சொல்லியிருந்தேன். பாதி நாள் என்னிடம் சொல்ல எதுவும் இருக்காது. “அம்மா, இன்னைக்குப் புதுசா ஒண்ணும் இல்லை. இன்னின்ன இடத்தில் கேட்டோம். நாளைக்கு இன்ன இடத்துக்குப் போறோம்” என்று நோட்டைப் பார்த்து வாசிப்பேன். பல மாதம் கழித்து அவர் சொன்னார், ஒன்பது மணி வரைக்கும் போன் எப்போது அடிக்கும் என்று பயப்படாமல் இருக்க முடிந்தது அந்தப் பேச்சால்தான் என்று. இதற்கு ஆய்வுச் சான்று எதையும் நான் காட்டப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்துக்கும் நான் இதைச் செய்யாமல் விட்டதில்லை.

ஏழு பேரும் எப்போதும் ஓட முடியாது. உங்களுக்கும் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. மூன்று மாதம் கழித்துப் பாதிப்பேர் வருவதைக் குறைத்துக்கொள்வார்கள், சொல்லாமல் குறைத்துக்கொள்வார்கள். அம்மா அதை முதலில் கவனிப்பார், இன்னொருவரும் போய்விட்டார் என்று நினைப்பார். அதனால் முதல் சந்திப்பிலேயே எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களால் முடியும் என்று சொல்லிவிடுங்கள். அதை நீட்டிக்கலாம், குறைக்கக் கூடாது. விலகுகிறவர் நேரில் வந்து சொல்லிவிட்டு விலகட்டும். நோட்டு குடும்பத்தின் சொத்து. ஒவ்வொரு ஞாயிறும் அதன் நகலை நண்பரிடம் கொடுங்கள், நீங்கள் இல்லாத நாளிலும் அது அவர்கள் கையில் இருக்கும்.

நாளைக்குப் போகும்போது ஏழு பேரும் ஒன்றாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. முதல் பக்கத்தில் காணாமல் போனதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். அவர் எப்படிப்பட்டவர், எதற்குச் சிரிப்பார், யாரிடம் மனம் விட்டுப் பேசுவார், கோபம் வந்தால் எங்கே போய் உட்காருவார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், அழுதால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள். மூன்று வாரமாக அவரிடம் எல்லோரும் கேட்டிருப்பது கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பது மட்டும்தான்.